பாதி அண்டார்டிகா மலைப்பாதையிலேயே உருகிப்போனது

போன கல்வியாண்டில் துருவப் பகுதிகளையும் காலநிலை மாற்றத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், என் கைக்காசு 21,400 ரூபாய் போனது. அதோடு ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கிட்டத்தட்ட 30 பீரியட். காலாண்டுத் தேர்வுக்கு ஒளியியல் பாடத்தை முடிக்காமலே பிள்ளைகளை அனுப்பினேன். நான் ஏற்காட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு சேலத்தில், அஸ்தம்பட்டி பக்கம். தினமும் காலையில் பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலம் அதே 20 இறங்கி வருகிறவள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், சுற்று மலைக்கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். கடலைக்கூடப் பார்த்திராத இவர்களுக்குத் தென் துருவத்தை எப்படிக் காட்டுவது என்று தொடங்கியபோது, இதில் இன்னின்ன இடத்தில் வழுக்கும் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற ஒரு டீச்சருக்கு ஐந்தாயிரம் மிச்சமானாலும் போதும்.

ஜூலையில் ஸ்டாஃப் ரூமில் எச்.எம். சொன்னார்: அக்டோபரில் அறிவியல் கண்காட்சி, மேலதிகாரி ஒருவர் வருகிறார், தலைப்பு காலநிலை மாற்றம், கொஞ்சம் பிரமாதமாக இருக்கட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னொரு அறிவியல் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருந்தார். சமூக அறிவியல் சார், "துருவம்னா புவியியல்தான், ஆனா காலநிலை மாற்றம் உங்க சப்ஜெக்ட் ஆச்சே மேடம்" என்று சிரித்துக்கொண்டே நழுவினார். சரி சார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். பள்ளி நிதியிலிருந்து 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சறுக்கல் ஒரு சொல்லில். ஒன்பதாம் வகுப்பில், "துருவத்தில் பனி உருகிக்கொண்டிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். இரண்டு வகுப்பு போனபிறகு ஒரு பெண் எழுந்து, "தினமும்தான் மிஸ் காலைல பனி இருக்கு, வெயில் வந்தா போயிடுது. போனா நல்லதுதானே, ஸ்கூலுக்கு வர ரோடு தெரியும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம்தான் உறைத்தது. ஏற்காட்டுப் பிள்ளைக்குப் பனி என்றால் ஜன்னலுக்கு வெளியே மரத்தை மறைக்கிற மூட்டம், புல் மேல் நிற்கிற ஈரம். நான் இரண்டு வகுப்பாகச் சொன்னதெல்லாம் அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. தமிழில் நாம் மூட்டத்தையும் பனி என்கிறோம், வானத்திலிருந்து விழுகிற வெள்ளைத் தூளையும் பனி என்கிறோம். நிலத்தின் மேல் ஆறு போல நகர்கிற ஐஸையும் பனிப்பாறை என்கிறோம், அதிலிருந்து உடைந்து கடலில் மிதப்பதையும் பனிப்பாறை என்கிறோம். ஆனால் இந்தப் பாடத்தின் உயிரே, எது நிலத்தின் மேல் இருக்கிறது, எது தண்ணீரில் மிதக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் முதல் நாளே கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதிவிடுகிறேன்: நிலத்து ஐஸ், கடல் ஐஸ். இலக்கணம் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வட துருவம் நிலம் சூழ்ந்த கடல், அங்கே துருவத்தில் இருப்பது உறைந்து மிதக்கிற கடல்நீர், அதாவது கடல் ஐஸ். பக்கத்தில் கிரீன்லாந்தின் மேல் இருப்பது நிலத்து ஐஸ். தென் துருவம் கடல் சூழ்ந்த கண்டம், அதன் மேல் சராசரியாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு நிலத்து ஐஸ். இந்தப் பெயர்களைப் பிரித்துக்கொள்ளாமல் எந்த மாடலும் செய்யாதீர்கள்.

நான் பிரித்துக்கொள்ளவில்லை. நேராக மாடலுக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் தெர்மாக்கோல் அட்டை, பெயிண்ட், பசை என்று 3,700 ரூபாய்க்கு வாங்கினேன். ஃப்ளெக்ஸ் பேனர் 1,800. ஐஸ் மலை மேல் தூவ ஜவ்வரிசி 400 ரூபாய்க்கு. சேலத்துக்காரி என்பதால் ஜவ்வரிசி யோசனை தானாக வந்துவிட்டது. அதன் விளைவையும் சொல்கிறேன்: ஐப்பசி ஈரத்தில் பசை காயவே இல்லை. மூன்றாம் நாள் எங்கள் அண்டார்டிகா முழுவதும் எறும்பு. பிள்ளைகள் 40 தெர்மாக்கோல் பென்குயின் வெட்டினார்கள், நடுநடுவே ஆறு வெள்ளைக் கரடி. பென்குயினும் கரடியும் ஒரே மேசையில் நிற்பதை நான் கவனிக்கவே இல்லை. கரடி வடக்கே, பென்குயின் தெற்கே, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வேறொன்று கேட்டான்: "சுற்றுச்சூழலுக்குன்னு சொல்லிட்டு எதுக்கு மிஸ் இவ்ளோ தெர்மாக்கோல்?" நம் ஊரில் தெர்மாக்கோல் என்றாலே வைகை அணை ஞாபகம் வந்து சிரிப்பு வரும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது வி.ஆர். கண்ணாடி. யாரோ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்து ஒருவரிடம் பேசினேன். பத்துக் கருவி கொண்டுவருவேன், பிள்ளைகள் துருவத்திலேயே நடப்பதுபோல இருக்கும், மொத்தம் 12,000, முன்பணம் 8,000 என்றார். ஜிபேயில் அனுப்பினேன். என் சீட்டுத் தவணைக்கு வைத்திருந்த பணம் அது. கண்காட்சி அன்று அவர் கொண்டுவந்தது மூன்று. அதில் ஒன்றில் சார்ஜ் இல்லை. 140 பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஒருவருக்கு நான்கு நிமிடம், கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்தில் விளக்கம் முழுக்க ஆங்கிலம், அதுவும் எனக்கே பாதி பிடிபடாத வேகம். பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "தல சுத்துச்சு மிஸ்" என்றார்கள். மீதி 4,000 ரூபாயை எல்லோர் முன்னாலும் அவர் கேட்டபோது, தகராறு வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். இதில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆளைக் கூப்பிடுவதானால் முன்பணம் ஆயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எத்தனை கருவி, எந்த மொழி, எத்தனை பிள்ளைக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தப் படத்தை முந்தின வாரமே நீங்கள் முழுசாகப் பாருங்கள். கூச்சப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். கடைசியில் சொன்னது எழுத எளிது, எனக்குத் தெரியும்.

இப்போது ஐஸ் கதை. பெரிய மீன் தொட்டி ஒன்று 2,600 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அதில் நிஜ ஐஸ் பாரை வைத்து, உருக உருகத் தண்ணீர் ஏறுவதைக் காட்டுவது திட்டம். சேலத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரண்டு பார் சொல்லி, விடிகாலை ஐந்தரைக்குக் குட்டி யானையில் ஏற்றினோம். மரத்தூள், மேலே சாக்கு, அதற்கு மேல் தார்ப்பாய். ஐஸும் வண்டியும் சேர்த்து 2,900. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிற மலை. அன்றைக்குப் பார்த்து மேலே ஒரு வளைவில் மர லாரி மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றோம். நான் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் சரிவில் இறங்கி, முந்தின வளைவு வரை போய்க்கொண்டிருந்தது. குரங்குகள் வந்து அதை நக்கிக் குடித்தன. "டீச்சரம்மா, உங்க அண்டார்டிகா பாதி ரோட்டுலயே போச்சு" என்றார் அண்ணன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒரு பார் கட்டை விரலால் அழுத்தினால் உடைகிற பதத்தில் இருந்தது, இன்னொன்று பாதி.

ஆனால் அந்த மீதிப் பாதியில் ஒரு நல்லது நடந்தது, அதை விட்டுவிடக்கூடாது. வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு பையன், "இதுக்குள்ள ஏன் மிஸ் வெள்ளையா கோடு?" என்றான். ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு பட்டை. அது உறையும்போது வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட காற்று. அண்டார்டிகாவில் நடப்பது கொஞ்சம் வேறு விதம். விழுந்த வெண்பனி மேல் வெண்பனி ஏறி அழுந்தும்போது, இடையிலிருந்த அந்தக் காலத்துக் காற்று குமிழியாக அடைபடுகிறது. அங்கே ஆழத் துளைபோட்டு எடுத்த ஐஸ் தண்டுகளில் எட்டு லட்சம் ஆண்டு வரைக்குமான காற்று இருக்கிறது. அவ்வளவு காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றில் அதை அளக்கத் தொடங்கியபோது 315 சொச்சம், இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நான் தயாரித்து வைத்திருந்த ஃப்ளெக்ஸில் இது ஒரு வரி கூட இல்லை. அந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்ற பத்து நிமிடம்தான் அன்றைய நாளின் ஒரே பாடம்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். மீன் தொட்டியில் ஐஸைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். எங்கள் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது: "இது கடல் ஐஸ், உருகினாலும் மட்டம் ஏறாது, ஏனென்றால் ஆர்க்கிமிடிஸ் தத்துவம்." அவள் மணியாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அதே அதிகாரி திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. போதாக்குறைக்குக் கண்ணாடியின் வெளியே வியர்த்துக் கொட்டி ஸ்கெட்ச் கோடு பாதி அழிந்து, மேசையில் நீலமாக வழிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் காரணம் தெரியவில்லை. அடுத்து ஒரு பையனிடம், துருவத்தில் ஏன் ஐஸ் உருகுகிறது என்று கேட்டார். "ஓசோன்ல ஓட்டை விழுந்து அது வழியா வெயில் உள்ள வருது சார், வட துருவம் உருகினா சேலம் முழுகிடும்" என்றான். அதிகாரி கத்தவில்லை. மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "டீச்சர், இது ரெண்டும் தப்பாச்சே" என்றார். எச்.எம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓசோன் விஷயம் அந்தப் பையன் தவறு இல்லை, நான் சொன்னதுதான். எனக்கே பதினைந்து வருடமாக மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்து நான்கைந்து ஆசிரியர்கள் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அண்டார்டிகா மேல் ஓசோன் மெலிந்துபோவதை மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985-இல் வெளியிட்டார்கள். காரணம் குளிர்பதனப் பெட்டி, ஸ்பிரே இவற்றில் இருந்த சி.எஃப்.சி. வாயுக்கள். அந்த மெலிவால் கூடுதலாக வருவது புற ஊதாக் கதிர். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுக்களை உலகம் படிப்படியாகக் கைவிட்டது, ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. பூமி சூடாவது வேறு கணக்கு. உள்ளே வந்த வெப்பம் வெளியே போகவிடாமல் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. கம்பளி போர்த்தினால் அடுப்பு இல்லாமலே உடம்பு சூடாவதை மலைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதே இல்லை. நீங்கள் பாடம் எடுப்பதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எனக்கு ஏழில் மூன்று தப்பு.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இனிமேல் எதுவும் செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சீட்டுப் பணம் பற்றி மறைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் திட்டவில்லை. "பன்னெண்டாயிரத்துக்கு நாமளே ஒரு தடவ கோவா போயிட்டு வந்திருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். அது திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் துருவ ஆராய்ச்சி மையமே கோவாவில்தான் இருக்கிறது. அங்கிருந்துதான் அண்டார்டிகாவில் உள்ள மைத்ரி, பாரதி நிலையங்களையும், ஆர்க்டிக்கில் 2008-இல் தொடங்கிய ஹிமாத்ரியையும் நடத்துகிறார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் ஆயா வந்தார். விடியலில் கிளம்பி நடந்து வந்திருக்கிறார், காலில் சேறு. "டீச்சர், எம் பேத்திகிட்ட என்ன சொன்னீங்க? மெட்ராஸ்ல இருக்கற அவ அத்த வீட்டுக்குப் பொங்கலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா வரமாட்டேங்கறா. கடல் வந்துடும், அத்தையையும் இங்க கூட்டிட்டு வந்துடுன்னு ராத்திரியெல்லாம் அழுவுறா." நாங்கள் ஃப்ளெக்ஸில் மூழ்கின கட்டடங்கள் படம் பெரிதாகப் போட்டிருந்தோம். அண்டார்டிகா ஐஸ் முழுவதும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும் என்ற வரியும் சிவப்பில் இருந்தது. அந்த எண் சரிதான். ஆனால் அதற்கு எத்தனை காலம் என்று எழுதவில்லை. பிள்ளை அதை இந்தப் பொங்கல் என்று எடுத்துக்கொண்டது. அவளைக் கூப்பிட்டு ஸ்கேலைக் காட்டினேன். 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறியது சராசரியாக 20 சென்டிமீட்டர், ஸ்கேலில் இவ்வளவு. சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு வேகம் கூடியிருக்கிறது, நான்கு சின்னக் கோடு. அத்தை ஊர் இந்தப் பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் அங்கேயேதான் இருக்கும், ஆனால் புயல் அடிக்கும்போது அலை முன்னைவிடக் கொஞ்சம் உள்ளே வரும், நீ பெரியவளாகும்போது இன்னும் உள்ளே வரும். அவள் நான்கு கோட்டையும் நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப இப்ப போலாமா?" என்றாள். உயரத்தைச் சொல்லும்போது காலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். பயந்த பிள்ளை கேள்வி கேட்பதில்லை, அழத்தான் செய்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 270 மீட்டருக்கு மேல் இருக்கிறது, முழுகாது என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வகுப்பு பயப்படும், மீதி வகுப்பு நமக்கென்ன என்று விட்டுவிடும்.

மீன் தொட்டி ஏன் காலை வாரியது என்பதை நவம்பரில்தான் கண்டுபிடித்தேன், வீட்டுச் சமையலறையில், இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்துக்கொண்டு. ஐஸ் மிதந்தால்தான் ஆர்க்கிமிடிஸ் கணக்கு வரும்: மிதக்கிற ஐஸ் தன் எடை அளவுக்குத் தண்ணீரை ஏற்கெனவே விலக்கியிருக்கும், அதனால் உருகினாலும் மட்டம் மாறாது. என் ஐஸ் பெரியது, தண்ணீர் குறைவு, ஐஸ் தரையில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த ஐஸ் நிலத்து ஐஸ் போலத்தான், உருகினால் மட்டம் ஏறும். ஆக, தொட்டி பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகப் பெயர் வைத்திருந்தேன். இதைச் செய்கிறவர்கள் கவனியுங்கள்: ஐஸைப் போட்டு, விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுழலும் வரை தண்ணீர் ஊற்றி, அதற்குப் பிறகே மட்டத்தைக் குறியுங்கள். ஸ்கெட்ச் வேண்டாம், ரப்பர் பேண்ட் மாட்டுங்கள், வியர்வையில் அழியாது. வெளியே வியர்ப்பதைப் பார்த்துத் தண்ணீர் ஒழுகுகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள், முதலிலேயே துணியால் துடைத்துக் காட்டிவிடுங்கள். இன்னொரு டம்ளரில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஐஸ். இதில் ரப்பர் பேண்டைத் தாண்டி மட்டம் ஏறும், ஐஸ் மிதக்கிற டம்ளரில் ஏறாது. மூன்றாவதாக என் தப்பையும் ஒரு டம்ளரில் வேண்டுமென்றே செய்து வைக்கிறேன். மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு கிட்டத்தட்ட அப்படித்தான், கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் ஐஸ் உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்று முழுக்கப் போனாலே கடல் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும் என்கிறார்கள். என் அவமானத்துக்குள் இவ்வளவு பெரிய பாடம் ஒளிந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

உப்புத் தண்ணீர்ப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு டம்ளரில் சாதாத் தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கரைத்த தண்ணீர், அதுதான் கடலின் சராசரி உப்பு. இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டி. எதில் சீக்கிரம் உருகும் என்று முதலில் கை தூக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் எல்லாக் கையும் உப்புக்கே போனது, குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்புப் போடுவதைப் பார்த்த பிள்ளைகள். நடந்தது நேர்மாறு. சாதாத் தண்ணீரில் கட்டி காணாமல் போனபோது உப்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் மிதந்துகொண்டிருந்தது. கட்டியில் நிறம் கலந்திருந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். சாதாத் தண்ணீரில் நிறம் நூல் நூலாக அடிக்கு இறங்கும், குளிர்ந்த நீர் கீழே போய் வெதுவெதுப்பான நீர் மேலே வந்து ஐஸைத் தொடும். உப்புத் தண்ணீரில் உருகிய நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் மேலேயே ஒரு குளிர்ந்த அடையாக நின்று கட்டியைச் சுற்றிக் காக்கும். வகுப்பில் சத்தமே இல்லை. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் கன்னத்தை மேசையில் வைத்து டம்ளரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்பு வெள்ளைத் துணிப் பரிசோதனையில் ஒரு எச்சரிக்கை. வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், திறந்த கடல் பத்து சதவீதம்கூட அனுப்பாது. ஐஸ் குறைந்தால் கடல் தெரியும், கடல் தெரிந்தால் சூடு கூடும், சூடு கூடினால் ஐஸ் இன்னும் குறையும். ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் காட்ட பழைய குடைத் துணி ஒன்று, வேட்டித் துண்டு ஒன்று, அடியில் ஒவ்வொரு தெர்மாமீட்டர், வெயிலில் இருபது நிமிடம் போதும். அந்த வெயில்தான் பிரச்சினை. நான் ஐப்பசியில் இரண்டு முறை வைத்தேன், இரண்டு முறையும் பத்து மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டது, இரண்டு தெர்மாமீட்டரும் 19 காட்டின. தையில் வைத்தபோது கறுப்பில் 38, வெள்ளையில் 31.

கல்லைப் பற்றி. டம்ளருக்குள் நிலமாக வைக்க ஒரு கல் கொண்டுவரச் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உடைத்த கருங்கல் துண்டு ஒன்று கொண்டுவந்தான். அவன் அப்பா கல் உடைக்கிறவர். உடைந்த பக்கம் எண்ணெய் தடவினாற்போல ஒரு நீலச் சாம்பல் மினுமினுப்பு. இது என்ன கல் மிஸ் என்றான், பாறை என்று சொல்லிச் சமாளித்தேன், மனசு கேட்கவில்லை. தேடிப் படித்தேன். சேர்வராயன் மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான், பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கமிருந்து போன இதே வகைக் கல் என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1890-களில் அந்தப் பெயரை வைத்தார். இதே வகைப் பாறை கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கிறது. இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே கண்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்தவை. வகுப்பில் இரண்டு கண்டத்தையும் தினத்தாளில் வெட்டி ஒட்டவைத்துக் காட்டினேன். அப்புறம் அந்தக் கல் டம்ளருக்குள் போகவில்லை, கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. 12,000 ரூபாய்க்கு வந்த கண்ணாடியில் தலை சுற்றிய அதே பிள்ளைகள்.

இந்த வருடம் மொத்தச் செலவு 340 ரூபாய்: கண்ணாடி டம்ளர், ஒரு கிலோ உப்பு, ரப்பர் பேண்ட், இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்று உடைந்ததற்கு மாற்று. ஐஸ் மலைமேல் ஒரு டீக்கடை ஃப்ரீஸரில் முந்தின நாள் டப்பா கொடுத்துவிட்டால் உறைய வைத்துத் தருகிறார்கள். எட்டு பீரியடில் முடிந்தது, ஒளியியலும் முடிந்தது. மீன் தொட்டியில் இப்போது நிஜமாகவே மீன் இருக்கிறது.

ஐஸ் கட்டிக்கு நிறம் சேர்க்கிறவர்கள் பேனா மை போடாதீர்கள், பீட்ரூட் சாறு போதும். நான் முதலில் நீல மை கலந்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், மேலே சீட்டு எழுதி ஒட்டவில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் அதை எடுத்து எலுமிச்சை ஜூஸில் போட்டுக் குடித்துவிட்டு, காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து என்னைக் கூப்பிட்ட குரல் பக்கத்து வீடு வரை கேட்டது.